பிளெண்டர் கம்பாசிட்டர்: கூட்டிப் பார்த்தால் மிச்சம் வரக் கூடாது

கைக்கடிகாரம் ஒன்றைச் சுற்றிக் கேமரா மெதுவாக நகரும் பத்து விநாடிக் காட்சி. விநாடிக்கு 25 ஃபிரேம் என்ற கணக்கில் மொத்தம் 250. ஒவ்வொன்றும் ரெண்டராக, அதாவது முப்பரிமாணக் காட்சியிலிருந்து கணினி படத்தைக் கணக்கிட்டு முடிக்க, 14 நிமிடம் ஆயிற்று. ஐம்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் கணினி ஓடி முடித்தது. அனுப்பிய மறுநாள் காலையில் பதில் வந்தது. முகப்பின் நீலத்தில் சற்றுப் பச்சை கலக்க வேண்டும், இடப்பக்க விளக்கு மேல்கண்ணாடியில் இவ்வளவு பளிச்சென்று தெரியக் கூடாது, மணிக்குறிகளின் ஒளிர்வு கூட வேண்டும், எல்லாம் அன்று மாலைக்குள் வேண்டும்.

மாலை ஐந்து மணிக்கு அனுப்பிவிட்டேன். ஒரு ஃபிரேமைக்கூட மறுபடி ரெண்டர் செய்யவில்லை. அந்த மூன்று திருத்தங்களும், பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளின் உள்ளேயே இருக்கும் கம்பாசிட்டரில், அதாவது ரெண்டரான படங்களைச் சேர்த்துத் திருத்தும் பகுதியில், முடிந்தன. திருத்திய பிறகு 250 ஃபிரேம்களையும் எழுத 25 நிமிடம் போதுமானதாக இருந்தது. அந்தக் கருவியைப் பற்றித்தான் எழுதுகிறேன். தனியாக உட்கார்ந்து பொருள்களின் விளம்பரக் காட்சிகளைச் செய்பவன் நான். பெரிய திரைப்படக் குழுவில் இருப்பவருக்கு இந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்தாது.

பாஸ் என்றால் என்ன என்பதை இதே கடிகாரத்தை வைத்தே சொல்லிவிடலாம். ரெண்டர் இயந்திரம் ஒரு புள்ளியின் நிறத்தைக் கணக்கிடும்போது பல வழிகளில் வந்த ஒளியைச் சேர்த்துத்தான் கணக்கிடுகிறது. முகப்பின் மங்கலான பூச்சில் பட்டுச் சிதறிய ஒளி ஒன்று, உலோகத்தில் பட்டுத் தெறித்த ஒளி ஒன்று, கண்ணாடியை ஊடுருவி வந்தது ஒன்று, மணிக்குறிகள் தாமாக உமிழ்ந்தது ஒன்று. வழக்கமாக நமக்குக் கிடைப்பது கூட்டுத்தொகை மட்டும்தான். பாஸ்களைக் கேட்டு வாங்கினால் கூட்டலுக்கு முந்தைய எண்கள் தனித்தனியாகக் கைக்கு வருகின்றன.

பிளெண்டரின் சைக்கிள்ஸ் இயந்திரம் இவற்றைப் பிரித்துத் தரும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. டிஃப்யூஸ் (சிதறல்), கிளாஸி (தெறிப்பு), டிரான்ஸ்மிஷன் (ஊடுருவல்) என்ற மூன்றுக்கும் நேரடி ஒளி, மறைமுக ஒளி (வேறு பொருளில் பட்டு வந்தது), நிறம் என்று மும்மூன்று பாஸ்கள். நேரடியையும் மறைமுகத்தையும் கூட்டி, நிறத்தால் பெருக்க வேண்டும். மூன்று பெருக்கல்களின் விடைகளையும் கூட்டி, அவற்றோடு புகை போன்றவற்றுக்கான வால்யூம் பாஸ்கள் இரண்டையும், உமிழ்வையும், பின்புலத்தையும் சேர்த்தால் முழுப் படம் திரும்ப வந்துவிடும். கிட்டத்தட்ட வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அப்படியே வரும்.

வருகிறதா என்று சோதிப்பதுதான் ஒவ்வொரு வேலையிலும் நான் செய்யும் முதல் காரியம். நோட்களை, அதாவது கம்பிகளால் இணைக்கும் கணக்குப் பெட்டிகளை, அடுக்கிப் படத்தை மறுபடி கட்டிவிட்டு, அசல் கூட்டுப் படத்திலிருந்து அதைக் கழித்து, மிச்சத்தை நூறு மடங்கு பெருக்கிப் பார்ப்பேன். திரை முழுக்கக் கறுப்பாக இருக்க வேண்டும். கடிகார வேலையில் முதன்முறை கழித்தபோது கறுப்புத் திரையில் பன்னிரண்டு பச்சைப் புள்ளிகள் வட்டமாக நின்றன. மணிக்குறிகள்! உமிழ்வு பாஸை இணைக்காமல் விட்டிருந்தேன். கண்ணால் படத்தைப் பார்த்திருந்தால் அது தெரிந்திருக்காது. பகல் போன்ற வெளிச்சத்தில் அந்த ஒளிர்வு அவ்வளவு மெலிது. அதே குறிகளைத்தான் பிறகு பிரகாசமாக்கச் சொன்னார்கள். அப்போது அந்தப் பாஸ் தயாராக இருந்தது, 1.6 என்ற எண்ணால் பெருக்கினேன், வேலை முடிந்தது.

இந்தச் சோதனையில் ஒரு நுணுக்கம் உண்டு. ரெண்டர் அமைப்பில் இரைச்சல் நீக்கத்தை, அதாவது படத்தின் பொரிப்புள்ளிகளைத் துடைக்கும் வசதியை, இயக்கியிருந்தால் சைக்கிள்ஸ் கூட்டுப் படத்தைத்தான் துடைத்துத் தரும். டிஃப்யூஸ், கிளாஸி முதலியவை பொரிபொரியாகவே இருக்கும். அப்போது கழித்தால் மிச்சமாக இரைச்சல் வரும். புதிதாகப் பழகுபவர் தன் கணக்கில்தான் பிழை என்று பயந்துவிடுவார். இரைச்சல் நீக்கத் தரவைச் சேமிக்கும்படி கேட்டால், துடைக்கப்படாத அசல் படமும் ஒரு பாஸாகக் கிடைக்கும். அதோடு ஒப்பிட வேண்டும்.

துடைப்பதையும் நான் கம்பாசிட்டருக்குள்தான் செய்கிறேன். 2019இல் வந்த 2.81 பதிப்பிலிருந்து இன்டெல் நிறுவனத்தின் ஓப்பன் இமேஜ் டீனாய்ஸ் ஒரு நோடாக இங்கே இருக்கிறது. நேரடி, மறைமுகப் பாஸ்களைத் தனித்தனியாக அதில் செலுத்துவேன். நிறப் பாஸை அதன் பக்கமே கொண்டுபோக மாட்டேன். முகப்பில் நூலிழை போன்ற எழுத்துகள் இருந்தன. கூட்டுப் படத்தைத் துடைத்தபோது அவற்றின் ஓரம் மெழுகுபோல் குழைந்தது. பிரித்துத் துடைத்தபோது எழுத்துகள் கத்திபோல் நின்றன. காரணம் எளியது: எழுத்து இருப்பது நிறப் பாஸில், இரைச்சல் இருப்பது ஒளிப் பாஸில். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதைத் தொடுவதே இல்லை. இந்த ஒரு பயனுக்காகவே பாஸ்களைப் பிரித்து வாங்கலாம் என்பேன்.

இனி, நான் இடறிய இடம். முகப்பின் நிறத்தைப் பிறகு மாற்ற நேர்ந்தால் டிஃப்யூஸ் நிறப் பாஸைத் தொட்டால் போதும் என்று நினைத்து, ரெண்டருக்கு முன் ஒரு ஃபிரேமைச் சோதனையாக எடுத்துப் பார்த்தேன். டிஃப்யூஸ் பாஸில் முகப்பே இல்லை. வட்டமாக ஒரு கறுப்புப் பள்ளம் இருந்தது. முகப்புக்கு மேலே கண்ணாடி இருக்கிறது அல்லவா? கேமராவிலிருந்து புறப்பட்ட கதிர் முதலில் தொட்டது கண்ணாடியை. அதை ஊடுருவிச் சென்று கண்ட எல்லாவற்றையும், முகப்பு, முட்கள், எழுத்துகள் எல்லாவற்றையும், சைக்கிள்ஸ் டிரான்ஸ்மிஷன் பாஸில் மொத்தமாக எழுதிவிட்டது. பொருளைத் தேர்ந்தெடுக்க உதவும் கிரிப்டோமேட்டும் அங்கே கண்ணாடி என்ற ஒரே பெயரைத்தான் சொன்னது. இது மென்பொருளின் பிழையன்று. கதிர் போன வழி அதுதான். பாஸ் அதை நேர்மையாகச் சொல்கிறது.

தீர்வு, காட்சியை இரண்டு அடுக்காகப் பிரித்தது. ஓர் அடுக்கில் கண்ணாடி இல்லாத கடிகாரம். இன்னோர் அடுக்கில் கண்ணாடி மட்டும் தெரியும். மற்ற யாவும் கேமராவுக்குத் துளையாகிவிடும், ஆனால் பிரதிபலிப்பில் தோன்றும். இரண்டாவது அடுக்கில் எஞ்சுவது கண்ணாடிமேல் தெறித்த ஒளி மட்டுமே. அதை முதல் அடுக்கின்மேல் மூடக் கூடாது, கூட்ட வேண்டும். பிரதிபலிப்பு என்பது கூடுதலாக வந்து சேரும் ஒளி. கீழே இருப்பதை அது மறைப்பதில்லை. ஒன்றின்மேல் ஒன்றை மூடுவதற்கான கணக்கை தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் 1984இல் வரையறுத்துக் கொடுத்தார்கள். இன்றுவரை ஆல்பாவோடு (ஒரு புள்ளி எவ்வளவு மறைக்கிறது என்ற அளவு) வேலைசெய்யும் எவரும் அதன்மேல்தான் நிற்கிறோம். அவர்கள் வகுத்தவற்றுள் கூட்டலும் ஒன்று. எங்கே மூடுவது, எங்கே கூட்டுவது என்று தெரிந்துகொண்டாலே பாதிப் படங்களின் கறுத்த ஓரங்கள் காணாமல் போய்விடும். மீதிப் பாதிக்கு, ஆல்பாவால் முன்பே பெருக்கப்பட்ட படத்தை அப்படியே நிறத்திருத்தம் செய்யும் பழக்கத்தை விட வேண்டும். பிரித்து, திருத்தி, மறுபடி பெருக்க வேண்டும். அதற்கான நோடும் உள்ளே இருக்கிறது.

கண்ணாடி அடுக்கில் ஒளிக்குழுக்களையும் கேட்டு வாங்கியிருந்தேன். 2022இல் வந்த 3.2 பதிப்பில் சைக்கிள்ஸுக்குக் கிடைத்த வசதி இது. ஒவ்வொரு விளக்கையும் ஒரு குழுவில் சேர்த்துவிட்டால் அந்தக் குழு தந்த ஒளி தனிப் படமாக வரும். எல்லாக் குழுக்களையும் கூட்டினால் முழுப் படம். இடப்பக்க விளக்கைக் கண்ணாடியில் குறைக்கச் சொன்னபோது, அந்த ஒரு குழுவை 0.35 என்று பெருக்கினேன். உலோகத்தில் அதே விளக்கு வரைந்திருந்த அழகான கோடு அப்படியே இருந்தது. ஒளிக்குழுக்களில் ஒரு கட்டுப்பாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும்: ஒரு குழுவின் படம் முழுமையாகத்தான் வரும், அதற்குள் டிஃப்யூஸ், கிளாஸி என்ற பிரிவு கிடையாது. பொருளின் தன்மைப்படி பிரிப்பதா, விளக்கின்படி பிரிப்பதா என்று அடுக்குக்கு அடுக்கு முன்கூட்டியே முடிவுசெய்தாக வேண்டும்.

முகப்பின் நிறத்துக்கு வருகிறேன். கிரிப்டோமேட் நோடில் துளிசொட்டிக் கருவியை எடுத்து முகப்பின்மேல் சொடுக்கினால் அதன் வடிவம் வெள்ளையாகப் பிரிந்து வருகிறது. முட்களின் ஓரம், எழுத்தின் ஓரம் என்று எல்லா விளிம்பும் மென்மையாக, சரியான விகிதத்தோடு. 2015இல் சயாப் நிறுவனத்தின் ஜோனா ஃபிரீட்மனும் ஆண்ட்ரூ ஜோன்ஸும் வெளியிட்ட முறை இது. அதற்கு முன் நாங்கள் பொருளுக்கோர் எண் கொடுத்து, அந்த எண்ணை வைத்து மேட், அதாவது பொருளின் வடிவத்தை மட்டும் வெள்ளையாகக் காட்டும் படம், எடுத்துக்கொண்டிருந்தோம். விளிம்புகள் படிக்கட்டாக உடையும். முடியோ புல்லோ இருந்தால் அவ்வளவுதான். கிரிப்டோமேட் ஒவ்வொரு பிக்சலிலும் எந்தெந்தப் பொருள் எவ்வளவு பங்கு இருக்கிறது என்று எழுதிவைக்கிறது. பொருளின் பெயரையே 32 பிட் எண்ணாகச் சுருக்கி அடையாளமாக வைத்துக்கொள்கிறது. நான் கையால் ஓரம் வெட்டிய இரவுகளை நினைத்தால், இதை உருவாக்கியவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

அந்த 32 பிட்டில்தான் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வேலையை நானே கெடுத்துக்கொண்டேன். கோப்பு சிறிதாக இருக்கட்டும் என்று எல்லாப் பாஸ்களையும் ஃபைல் அவுட்புட் நோட் வழியாக, பல பாஸ்களை ஒன்றாக வைக்கும் இஎக்ஸ்ஆர் என்ற பட வடிவில், 16 பிட் கோப்பாக எழுதிவிட்டேன். நிறங்களுக்கு 16 பிட் தாராளம். ஆனால் அடையாள எண்ணைப் பாதியாக வெட்டினால் அது வேறு எண். எந்தப் பெயரோடும் பொருந்தாது. மேட்கள் எல்லாம் வெற்றாக வந்தன. 90 ஃபிரேம்களைத் திரும்ப ரெண்டர் செய்தேன். இப்போது இரண்டு கோப்புகளாக எழுதுகிறேன்: நிறப் பாஸ்கள் 16 பிட்டில், கிரிப்டோமேட்டும் ஆழமும் (கேமராவிலிருந்து உள்ள தொலைவு) இட நிலையும் 32 பிட்டில், தரவு இழக்காத சுருக்க முறையோடு.

இட அளவைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 1920க்கு 1080 அளவுள்ள படத்தில் மூன்று நிற வழிகள் (சிவப்பு, பச்சை, நீலம்) கொண்ட ஒரு பாஸ், 16 பிட்டில், சுருக்காமல் 12 மெகாபைட்டுக்கு மேல். பதினைந்து பாஸ் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 187 மெகாபைட். 250 ஃபிரேமுக்கு 46 ஜிகாபைட்டைத் தாண்டும். பொருள்களுக்கான கிரிப்டோமேட், வழக்கமான ஆறு நிலைகளோடு, தனியே இன்னும் ஒரு நூறு மெகாபைட் ஒவ்வொரு ஃபிரேமிலும். ஜிப் சுருக்கம் இதை நன்றாகவே குறைக்கும். ஆனாலும் எல்லாப் பாஸ்களையும் டிக் செய்துவிட்டுத் தூங்கப் போகும் வேலை இதுவன்று. இஎக்ஸ்ஆர் வடிவத்தை இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் என்ற திரைப்பட விளைவு நிறுவனம் 2003இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அது இல்லாதிருந்தால் விளக்கின் பளிச்சிடும் மதிப்புகளை வெட்டாமல் எடுத்துப்போக என்னைப்போன்ற தனி ஆளுக்கு வழியே இருந்திருக்காது.

முகப்பை நீலத்திலிருந்து பச்சை கலந்த நீலமாக மாற்றியதும் வேலை முடிந்துவிடவில்லை. முகப்பைச் சுற்றியுள்ள பளபளப்பான உள்வளையத்தில் பழைய நீலம் இன்னும் தெரிந்தது. அந்த நீலம் வளையத்தின் கிளாஸி மறைமுகப் பாஸில் ஏற்கெனவே பதிந்துவிட்ட ஒளி. முகப்பின் மேட் அதை எட்டாது. வளையத்துக்கு இன்னொரு கிரிப்டோமேட் எடுத்து, அந்தப் பாஸின் நிறத்தையும் அதே திசையில் நகர்த்தினேன். சிறிய மாற்றம் என்பதால் தப்பித்தேன். நீலத்தைச் சிவப்பாக்கச் சொல்லியிருந்தால் மறுபடி ரெண்டர் செய்ய வேண்டும் என்று அன்றே எழுதியிருப்பேன். முடிந்துபோன ஒளியின் கணக்கைத்தான் பாஸ்கள் கையில் தருகின்றன. பட்டுத் தெறித்த ஒவ்வொரு கதிரையும் பின்தொடர்ந்து திருத்த அவற்றால் முடியாது. வேலை கொடுப்பவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது.

ஆழப் பாஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். சைக்கிள்ஸில் அது விளிம்பு மென்மை இல்லாமல் வருகிறது. பின்புலத்துக்கு ஆயிரம் கோடி என்ற எண்ணை வைத்திருப்பதால் திறந்தவுடன் வெள்ளைத் தாளாகத் தெரியும். மங்கலான தொலைவுக்கு, தூரம் கூடக் கூட மூடுபனிபோல் வெளுக்கும் மிஸ்ட் பாஸ் போதும், அதன் விளிம்புகள் மென்மையானவை. நெருக்கமான பொருள்களுக்கு ஃபோகஸ் மங்கலைக் கேமராவிலேயே ரெண்டர் செய்வதுதான் என் வழக்கம். அசைவு மங்கலுக்கான வெக்டர் பாஸ் வேண்டுமென்றால் ரெண்டரில் அசைவு மங்கலை அணைத்திருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வைக்கவும்.

வேகம் இப்போது கணிசமாகத் தேறியிருக்கிறது. நோட் முறை 2006இல் வந்த 2.42 பதிப்பிலிருந்தே இருக்கிறது என்றாலும், இறுதிப் படத்துக்கான கம்பாசிட்டிங் கிராஃபிக்ஸ் அட்டைக்கு நகர்ந்தது 2024இன் 4.2 பதிப்பில்தான். முன்பு ஓர் எண்ணை மாற்றிவிட்டுக் காத்திருந்த இடத்தில் இப்போது படம் கையோடு அசைகிறது. நிறத்திருத்தத்தில் இது வெறும் சௌகரியம் மட்டுமல்ல. கண் முந்தைய நிறத்தை மறப்பதற்குள் அடுத்ததைப் பார்த்தால்தான் சரியாகத் தீர்மானிக்க முடியும்.

குறைகள் உண்டு. பெரிய குறை, ஒரு கம்பியில் ஒரு படம்தான் போகும் என்பது. நியூக் என்ற தனிக் கம்பாசிட்டிங் மென்பொருளில் எல்லாப் பாஸ்களும் ஒரே கம்பிக்குள் பயணம் செய்யும். வேண்டிய இடத்தில் வேண்டியதை உருவிக்கொள்ளலாம். இங்கே பதினைந்து பாஸ்கள் என்றால் பதினைந்து கம்பிகள். அடுக்கு இரண்டானால் முப்பது. மூன்று மாதம் கழித்துத் திறந்தால் எது எங்கே போகிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுத் தேட வேண்டியிருக்கிறது. மறுகட்டல் முழுவதையும் ஒரு குழு நோடாகச் செய்து சேமித்துவைத்திருக்கிறேன். அதைச் செய்யாமல் யாரும் இரண்டாவது வேலையைத் தொடங்க வேண்டாம்.

ஓடும் காட்சியைக் கம்பாசிட்டருக்குள்ளேயே வேகமாக ஓட்டிப் பார்க்கவும் வசதி போதாது. ஐந்தாறு ஃபிரேம்களை எழுதி, வெளியே ஓட்டிப் பார்த்து, திரும்ப வர வேண்டும். ஒவ்வொரு பிக்சலிலும் பல ஆழங்களை அடுக்கிவைக்கும் டீப் வகை இஎக்ஸ்ஆர் கோப்புகளுக்கு இங்கே இடமில்லை. புகைக்குள் ஒரு பொருள் நுழைந்து வெளியே வரும் காட்சி, இரண்டு ரெண்டர்களை ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்ன வேண்டிய காட்சி என்றால் நான் நியூக்குக்குத்தான் போவேன். அதன் வணிகமல்லாத இலவசப் பதிப்பு 1920க்கு 1080 வரைதான் படம் எழுதும் என்றாலும் கற்றுக்கொள்ள அது போதும்.

ஆனால் கற்றுக்கொள்ளும் முதல் இடமாக நான் பிளெண்டரைத்தான் சொல்வேன். இலவசம், திறந்த மூலநிரல் என்பது ஒரு காரணம். அதைவிட, விளக்கை நட்டதும் பொருளுக்குப் பூச்சு கொடுத்ததும் பாஸைப் பிரித்ததும் கூட்டியதும் ஒரே கோப்பில் இருக்கின்றன. மிச்சத்தில் ஏதோ ஒளிர்கிறது என்றால், அடுத்த நிமிடமே அந்த விளக்கின் அருகில் போய் நின்று ஏன் என்று பார்க்கலாம். கண்ணாடிக்குள் முகப்பு காணாமல் போன அன்று நான் கற்றதை எந்தப் பாடமும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

முதன்முறை திறப்பவர் ஒரு பந்து, ஒரு கண்ணாடிக் குவளை, ஒளிரும் ஒரு கட்டி, இரண்டு விளக்குகள் என்று சிறிய காட்சி ஒன்றை அமைத்துக்கொள்ளுங்கள். டிஃப்யூஸ், கிளாஸி, டிரான்ஸ்மிஷன் மூன்றின் எல்லாப் பாஸ்களையும், உமிழ்வையும், பின்புலத்தையும் டிக் செய்யுங்கள். இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிடுங்கள். நோட்களை நீங்களே ஒவ்வொன்றாக இணைத்துக் கட்டி, அசலிலிருந்து கழித்து, நூறால் பெருக்கிப் பாருங்கள். திரையில் ஏதாவது தெரிந்தால், அதன் வடிவத்தைப் பார்த்து எந்தப் பாஸை விட்டீர்கள் என்று கண்டுபிடியுங்கள். கம்பிகளை எண்ணத் தொடங்குவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.